வழித்துத் துடைத்த கும்பா

இந்த வாரம் வரப்போகிற ஒவ்வொரு சொல்லும் நிஜம். விராலிமலை முருகன் மேல் ஆணை. கற்பூரத்தை ஏற்றி அணைக்கச் சொன்னாலும் சரி. சேவுகன் எறிந்த வெண்கலக் கும்பா கண்மாயைத் தாண்டி அடுத்த ஊரில் போய் விழுந்தது என்று போன வாரம் வந்ததைச் சிலர் நம்பவில்லையாம். நம்பாதவர்கள் நேரில் போய் விசாரிக்கலாம். அந்தக் கும்பாவைச் சீர்வரிசையில் வைத்து ஒரு பெண்ணையே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு இப்போது பேரன் இருக்கிறான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சேவுகன் சோற்றுக் கும்பாவை எதற்கு எறிந்தார் என்பதுதான் முக்கியம். அதில் கீரை இருந்தது.

சேவுகன் காலமாகிவிட்டார். அவருடைய கீரைப் பகை மட்டும் அவரோடு போகவில்லை. பிள்ளைகள் நிலத்தைப் பங்கு பிரித்தபோது அதை யாரும் பங்கு கேட்கவில்லை; முழுசாக மூத்தவன் ஆண்டியப்பனுக்கே வந்து சேர்ந்தது. அவனிடமிருந்து அது மகள் செவந்திக்கும் இறங்கிவிட்டது. அவளுக்கு ஆறு வயசு. வெறுஞ்சோறும் கருப்பட்டித் துண்டும் இருந்தால் போதும், உலகத்தில் வேறு பண்டமே வேண்டாம்.

ஆண்டியப்பன் பெண்சாதி பொன்னுத்தாய்க்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது, போன வெள்ளிக்கிழமை வரைக்கும். அன்றைக்கு இருட்டுகிற நேரத்தில், முற்றத்தில் எதிரே நின்ற தாயைப் பார்த்துக் குழந்தை கேட்டது:

"ஆத்தா, எங்கிட்டு இருக்கே?"

இலுப்பூர் ஆஸ்பத்திரியில் நர்சம்மா அமிர்தவல்லி குழந்தையின் இமையை விலக்கிப் பார்த்தாள். "மாலைக்கண்ணு. ஒடம்புல சத்து இல்லை. புட்டி மருந்து புதுக்கோட்டையிலேருந்து வரணும், வந்ததும் தாரேன். அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருக்காதே. முருங்கைக்கீரையை வதக்கி, நெய் விட்டு, சோத்துல பெசைஞ்சு குடு. அசட்டையா விட்டா கண்ணுல பூ விழுந்துடும். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டிக்கிட்டு வா" என்றாள்.

பூ விழுந்த கண் எப்படி இருக்கும் என்று பொன்னுத்தாய்க்குத் தெரியும். அவள் பிறந்த ஊரில் அப்படி ஒருத்தி இருந்தாள். சுவரைத் தடவித் தடவியே கிழவியானவள்.

அன்று முதல் பொன்னுத்தாய் ஓர் இடத்தில் உட்காரவில்லை. உலையை வைத்துவிட்டு முருங்கை மரத்தடிக்கு ஓடுவாள். மரத்தடியில் நின்று உலையை நினைப்பாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் பாதி வழியில் திரும்பி வந்து குழந்தையின் கண்ணைப் பார்ப்பாள். தாகம் எடுத்த மாடு அவள் பின்னாலேயே வீட்டுக்குள் வந்துவிடும்.

முதல் நாள் செவந்தி கீரைச் சோற்றைத் துப்பினாள். மறுநாள் ஓர் அதிசயம் நடந்தது. கும்பா காலியாகத் திரும்பி வந்தது! அதற்கடுத்த நாளும் அப்படியே. வழித்து, துடைத்து, கழுவவே வேண்டாம் என்கிற மாதிரி.

அந்த வீட்டில் காக்காய்க்கு ஒரு பிடி வைக்காமல் யாரும் சாப்பிடுவதில்லை. கொல்லைச் சுவரில் வந்து உட்காரும் காக்காய் சாதாரணக் காக்காய் அல்ல, சேவுகன்தான் என்பது அந்தத் தெருவே ஒத்துக்கொண்ட விஷயம். அவரைப் போலவே கழுத்தை ஒருக்களித்துச் சந்தேகமாகப் பார்க்கும். "ஐயாவுக்கு நான் வைக்கிறேன் ஆத்தா, வச்சுட்டு அங்கிட்டே நின்னு நானும் தின்னுட்டு வாரேன்" என்று செவந்தி தானாகவே அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். பொன்னுத்தாய் பூரித்துப் போனாள். பிள்ளைக்குப் பொறுப்பும் வந்துவிட்டது, வாயும் திறந்துவிட்டது.

ஆனால் கும்பாதான் பளபளத்தது. பொழுது சாய்ந்தால் குழந்தை பழையபடி சுவரைத்தான் தேடியது.

இது வியாழக்கிழமை. நாளைக்கு நர்சம்மாவிடம் போகவேண்டும்.

ஆடிக் காற்று மரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. பொன்னுத்தாய் தொரட்டியால் கொப்பை வளைத்துக் கீரை ஒடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ராக்காயி வேலியோரம் வந்து நின்றாள்.

"என்னடி, மரத்துக்கு மொட்டை போடுறியா? யாருக்கு வேண்டுதலை?"

"புள்ளைக்குத்தான் அக்கா. கும்பா கும்பாவாத் திங்குது."

"யாரு, சேவுகன் பேத்தியா?" ராக்காயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்த மனுசன் ஆடு கீரை திங்கிறதப் பாத்தாலே முகத்தைத் திருப்பிக்குவாரு. ஆட்டுக்குப் புத்தி சொல்லுவாரு."

"சிரிக்காதே அக்கா. வயித்துக்குள்ள கீரை போகுது, கண்ணு மட்டும் வர மாட்டேங்குது. எனக்கு ஒண்ணும் ஓடலை."

"நெய் விட்டியா?"

"விட்டேன்."

"அப்ப ஏதோ கண்ணேறு. சுத்திப் போடு." ராக்காயி கிளம்பியவள் திரும்பினாள். "காலம் கெட்டுப்போச்சுடி. டூரிங் கொட்டகையில ஒரு காக்கா கம்பத்து உச்சியில உக்காந்து ரெண்டாவது ஆட்டம் முழுசாப் பாத்துச்சாம். டிக்கெட்டுக் கிழிக்கிறவன் வெரட்டிப் பாத்தானாம், நகரவே இல்லையாம். சண்டை வரும்போது மட்டும் கத்துச்சாம். எங்க வீட்டுக்காரரே பாத்துட்டு வந்து சொல்றாரு."

"காக்காய்க்கு ராத்திரியில ஏது அக்கா கண்ணு?"

"அதானே நானும் கேக்குறேன்!"

பொன்னுத்தாய்க்கு அதை நினைக்க நேரமில்லை. உலை பொங்கும் சத்தம் கேட்டது.

மத்தியானம் ஆண்டியப்பன் கடலைக்காட்டிலிருந்து வந்தான். கை காலைக் கழுவி வட்டிலின் முன் உட்கார்ந்தான். பக்கத்தில் செவந்தி. பொன்னுத்தாய் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, ஓரமாக ஒரு கரண்டி கீரை வைத்தாள். ஆண்டியப்பன் அதை ஒற்றை விரலால் வட்டிலின் விளிம்புக்குத் தள்ளினான். விளிம்பிலிருந்து தரைக்கு இறக்கினான். தரையில் இருந்ததன் மேல் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து மூடினான்.

"புள்ளை பாக்குதுங்க" என்றாள் பொன்னுத்தாய்.

"பாக்கட்டுமே. எங்கய்யா தொட்டதில்லை, நான் தொட்டதில்லை. எங்க வம்சத்துக்கு ஆகாது."

"ராத்திரியில கண்ணு தெரியிறதும் ஒங்க வம்சத்துக்கு ஆகாதாக்கும்?"

"ஏ புள்ள, அது தூக்கக் கலக்கம். சின்னப் புள்ளை அந்தி சாஞ்சா தூங்கி வழியத்தான் செய்யும். நர்சம்மா ஒண்ணு சொன்னா, நீ அதுக்குக் கையும் காலும் வச்சுப் பாக்குறே."

அவன் அப்படிச் சொன்னதில் கள்ளம் இல்லை. விதைப்பு நாள். விடிவதற்கு முன் ஏரைக் கட்டிக்கொண்டு போனால், சாப்பிட்டுவிட்டு மறுபடி போய், அவன் வீடு திரும்பும்போது குழந்தை தூங்கியிருக்கும். இருட்டில் அவள் நடப்பதை அவன் பார்த்ததே இல்லை.

செவந்தி எழுந்தாள். ஒரு கையில் காக்காய்க்கான பிடிச் சோறு, இன்னொரு கையில் கீரை பிசைந்த கும்பா. "ஐயாவுக்கு வச்சுட்டு வாரேன்" என்று கொல்லைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் கும்பா திரும்பி வந்தது. அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

"தின்னுட்டியா ஆத்தா?"

"ம்."

"வாயைத் தொற."

செவந்தி வாயைத் திறந்தாள். கருப்பட்டி வாசம் அடித்தது. கீரைக்கு மேல் தின்றிருப்பாள் என்று பொன்னுத்தாய் மனசைத் தேற்றிக்கொண்டாள். தேறவில்லை.

சாயங்காலம் முற்றத்தில் விதைக்கடலை உடைக்க உட்கார்ந்தாள். உடைக்கிற கை உடைத்துக்கொண்டிருந்தது. கண் மேற்கே இருந்தது.  கண்மாய்க் கரைப் புளியமரத்துக்கு ஊர்க் காக்காய்கள் எல்லாம் கூட்டம் கூட்டமாகப் போய் அடைந்தன. சத்தம் ஓய்ந்தது.

"செவந்தி, அந்த மொறத்தை எடுத்தா."

முறம் நாலடி தள்ளித்தான் கிடந்தது. செவந்தி இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தாள். முறத்தைத் தாண்டிப் போனாள். கன்றுக்குட்டி கட்டியிருந்த கயிறு காலில் தட்டி, கல்தொட்டியில் முழங்கால் மோதி விழுந்தாள். அழவில்லை. அதுதான் பொன்னுத்தாய்க்குத் தாங்கவில்லை. விழுவது அந்தக் குழந்தைக்குப் பழகிப்போயிருந்தது.

ஓடிப்போய்த் தூக்கியதில் மடியில் இருந்த கடலை நாலா பக்கமும் சிதறியது. அந்தி இருட்டில் எது எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. அப்போதுதான் கொல்லைச் சுவரிலிருந்து ஒரு காக்காய் இறங்கியது. நேராக உரலடிக்குப் போயிற்று. உரலுக்குப் பின்னால், நிழலுக்குள் நிழலாக உருண்டு கிடந்த ஒற்றைக் கடலையைக் கொத்தியது. கழுத்தை ஒருக்களித்து அவளைப் பார்த்தது. பிறகு அடுப்பங்கரைக் கூரைக்கும் முருங்கைக் கொப்புக்கும் நடுவில் இருந்த ஒரு முழச் சந்தில் இறக்கை படாமல் புகுந்து போயிற்று.

ஊர்க் காக்காய் எல்லாம் அடைந்துவிட்ட நேரம் அது.

பொன்னுத்தாய் குழந்தையை இடுப்பில் வைத்தபடியே நின்றாள். கொட்டகைக் கம்பம் நினைவுக்கு வந்தது. பளபளக்கிற கும்பா நினைவுக்கு வந்தது. லாந்தரை ஏற்றி எடுத்துக்கொண்டு கொல்லைச் சுவருக்குப் போனாள். சுவர் மேலே விளிம்பு நெடுகப் பச்சையாகக் காய்ந்து படிந்திருந்தது. விரலால் சுரண்டி முகர்ந்தாள். நெய் வாசம்.

அவள் ஒவ்வொரு இலையாக உருவி, நெய் விட்டு, சாமியைக் கும்பிட்டுப் பிசைந்ததெல்லாம் காக்காய்க்குப் போயிருந்தது. கண் தெரிந்ததும் அதற்குத்தான்.

"செவந்தி."

குழந்தை அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"நீ திங்கவே இல்லை. எல்லாத்தையும் காக்காய்க்கு வச்சிருக்கே."

"ஐயாவுக்கு வச்சேன்."

"ஏன்டி? ஆத்தா தலைதலையா அடிச்சுக்கிட்டனே!"

"நம்ம வம்சத்துக்கு ஆகாதுன்னு அப்பா சொன்னாருல்ல. அப்பா மட்டும் கொட்டாங்கச்சியில மூடுறாரு. எனக்குக் கொட்டாங்கச்சி இல்லை. அதான் ஐயாவுக்கு வச்சேன்."

 பொன்னுத்தாய் அடிக்கலாம் என்று கை ஓங்கினாள். யாரை அடிப்பது என்று தெரியாமல் இறக்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மாட்டு மணி கேட்டது. கலப்பை முறிந்ததால் ஆண்டியப்பன் வெள்ளெனவே வந்துவிட்டான். மாட்டைக் கொட்டிலில் கட்டியவன் காதில் கடைசி வார்த்தை விழுந்திருந்தது.

"ஐயாவுக்கு என்ன வச்சே?"

"கீரை" என்றாள் செவந்தி.

ஆண்டியப்பன் தலையில் இருந்த துண்டை அவிழ்த்து உதறினான். "ஏ பொன்னு! எங்கய்யாவுக்கா கீரை? உசிரோட இருந்தவரைக்கும் கும்பாவைத் தூக்கி எறிஞ்ச மனுசனுக்கு, செத்தப்பொறவு கீரை போட்டுப் பழி வாங்குறீங்களா, ஆத்தாளும் மகளும்?"

"அவரு சந்தோசமாத்தான் தின்னிருக்காரு."

"என்னது?"

"தின்னுட்டுக் கொட்டகையில ரெண்டாவது ஆட்டம் பாத்துட்டு வந்திருக்காரு. இருட்டுல கடலை பொறுக்குறாரு. ஒங்க வம்சத்துக்குக் கீரை நல்லாவே ஆகுது. போய்ச் சுவத்தைப் பாருங்க."

"வாய் நீளுது ஒனக்கு."

"நீளட்டும்." பொன்னுத்தாய் குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டாள். "தூக்கக் கலக்கம்னு சொன்னீங்கள்ல? அவ முழிச்சுத்தான் இருக்கா. கூப்புடுங்க. ஒங்க மகதானே, கூப்புடுங்க."

"இதுல என்ன இருக்கு? செவந்தி, அப்பாகிட்ட வா."

"எங்கப்பா இருக்கே?"

"இந்தா, இங்கிட்டுத்தான் நிக்கிறேன்."

முற்றத்துக்கு அந்தப் பக்கம்தான் நின்றான். கையை நீட்டியும் இருந்தான். செவந்தி சிரித்துக்கொண்டே அவனைப் பார்த்து வந்தாள். அவனைப் பார்த்து அல்ல, அவன் குரலைப் பார்த்து. நீட்டிய கைக்கு ஒரு சாண் பக்கத்தில் கடந்துபோய்க் கொட்டிலின் மரத்தூணைக் கட்டிக்கொண்டாள்.

"பிடிச்சுட்டேன்" என்றாள் தூணிடம்.

ஆண்டியப்பனின் கை நீட்டியபடியே நின்றது.   துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். வேர்வை என்று அவனுக்கு நினைப்பு.

"பொன்னு."

"சொல்லுங்க."

"கீரை மிச்சம் இருக்கா?"

சட்டியோடு எடுத்து வந்தாள். அடுப்படியில் லாந்தரை வைத்தாள். ஆண்டியப்பன் மகளைத் தூக்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டு ஓர் உருண்டை பிடித்தான். அதைப் பார்த்தான். பெண் பார்க்கப் போனபோதுகூட அவன் பொன்னுத்தாயை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

"அப்பா திங்கப் போறேன் ஆத்தா."

"நெசமாவா?"

"நெசமா." உருண்டை வாய்க்குள் போயிற்று. "ம்... தின்னுட்டேன்."

லாந்தர் வெளிச்சம் செவந்திக்கு ஒரு மஞ்சள் மூட்டம்தான். முகம் தெரியாது. அவள் கையைத் தூக்கி அப்பனின் முகத்தைத் தடவினாள். மீசை, உதடு, அப்புறம் கன்னம்.

"இங்க என்னப்பா புடைச்சுக்கிட்டு இருக்கு?"

"அதா? அது பல்லு."

"பல்லு நகருமாப்பா?"

பொன்னுத்தாய் சிரிப்பை அடக்கச் சட்டியை இறுக்கிப் பிடித்தாள்.

"முழுங்குப்பா. நான் தொட்டுப் பாக்குறேன்." செவந்தி தன் சின்னக் கையை அவன் தொண்டையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஆண்டியப்பன் கண்ணை மூடினான். முழுங்கினான். கொட்டிலில் இருந்த இரண்டு மாடும் அசைபோடுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பிப் பார்த்தன. ஒன்று லேசாகத் தலையை ஆட்டியது. மீசையின் இரண்டு முனையும் மேலே ஏறி நின்றன. அவை இறங்க மறுநாள் வரைக்கும் ஆயிற்று.

"போயிருச்சு!" என்றாள் செவந்தி, தொண்டையில் இருந்த கையை எடுக்காமல். "கையில இடிச்சுக்கிட்டுப் போச்சு! அப்பா, கசக்குதா?"

பொய் சொல்வதா வேண்டாமா என்று அவன் ஒரு கணம் யோசித்தான்.

"கொஞ்சம் கசக்குது. ஆனா ஒண்ணும் பண்ணலை. நீயும் நானும் மாத்தி மாத்தித் திம்போமா? எனக்கு ஒண்ணு, ஒனக்கு ஒண்ணு."

"ஆத்தாளுக்கு?"

அதை அந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆம்பளை சாப்பிட்டு, பிள்ளை சாப்பிட்டு, மிஞ்சியதை அடுப்படியில் நின்றுகொண்டே விழுங்குவதுதான் பொன்னுத்தாய்க்குச் சாப்பாடு. ஆண்டியப்பன் பலகையில் நகர்ந்து இடம் விட்டான்.

"உக்காரு. நீயும் வாயைத் தொற. மூணு பேரும் கஷ்டப்படுவோம்."

பொன்னுத்தாய் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் நிம்மதியாக உட்கார்ந்தது அப்போதுதான். முதல் உருண்டையை ஆண்டியப்பன் மகளின் வாயருகே கொண்டுபோனான். இப்போது பொன்னுத்தாய் தன் கையை மகளின் தொண்டையில் வைத்தாள். உதடு திறந்தது. மென்றாள். முகம் சுருங்கிற்று. துப்பப் போகிறாள் என்று தாய்க்கு உயிர் நழுவிற்று. தொண்டை மெல்ல ஏறி இறங்கியது. இன்னொரு தடவை ஏறி இறங்கியது.

"இப்ப அப்பா முறை" என்றாள் செவந்தி.

நாளைக்கே கண் வந்துவிடாது என்று பொன்னுத்தாய்க்குத் தெரியும். நர்சம்மா என்ன சொல்வாளோ, பூ விழாமல் பிடித்துவிட்டோமோ இல்லையோ, புட்டி மருந்து வருமோ வராதோ. இருந்தாலும் கைக்குக் கீழே ஏறி இறங்கிய அந்தச் சின்னத் தொண்டையிலிருந்து கையை எடுக்க மனசு வரவில்லை.

சட்டி பாதியாகியிருக்கும். எதிர்ச்சாரியிலிருந்து ஒரு குரல் வந்தது. பழனிச்சாமியின் குரல். வரப்புத் தகராறில் ஆண்டியப்பனோடு பேச்சை முறித்துக்கொண்டவன். இரண்டு அறுவடையாக இந்த வீட்டுப் பக்கம் தலைகூடத் திருப்பாதவன்.

"ஏ ஆண்டியப்பா! ஒங்கப்பன் எங்க வீட்டுச் சுவத்துல வந்து உக்காந்திருக்காரு! சோறு வச்சா தள்ளிவிடுறாரு! எங்க முருங்கை மரத்தையே பாக்குறாரு! நான் என்னத்தைப் பண்ண?"

ஆண்டியப்பனின் கையில் இருந்த உருண்டை சட்டிக்குள் விழுந்தது. போயும் போயும் அவன் வீட்டுச் சுவருக்கா ஐயா போகவேண்டும்? எழுந்தான், துண்டைத் தேடினான். கோபத்தில் போகிறானா, ஐயாவைக் கூட்டிவரப் போகிறானா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மூலையில் சாத்தியிருந்த தொரட்டியை ஏன் எடுத்தான் என்பதும் விளங்கவில்லை.

"ஏங்க, நில்லுங்க" என்று பொன்னுத்தாய் எழுவதற்குள் அவன் தெருவில் இறங்கிவிட்டான். செவந்தி இருட்டில் அவன் காலடிச் சத்தம் போகிற பக்கம் முகத்தைத் திருப்பி, "அப்பா, ஒன் முறை!" என்று கத்தினாள்.